தில்லியின் ஐப்பசித் தோட்டமும் வீட்டில் ஓய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவைச் சிகிச்சை முடிந்தோ, காய்ச்சலில் விழுந்து எழுந்தோ, அக்டோபர், நவம்பர் மாதங்களில் வீட்டில் ஓய்வெடுக்க நேர்கிற தில்லித் தமிழர்களுக்காக, அதிலும் பால்கனியிலோ மொட்டைமாடியிலோ தரைத்தள வீட்டின் முன்புறத்திலோ செடி வளர்ப்பவர்களுக்காக, இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. உங்கள் உடலைப் பார்த்த மருத்துவர் சொன்னதற்கும் இங்கே உள்ளதற்கும் வேறுபாடு இருந்தால், மருத்துவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

தில்லியில் இந்தப் பருவத்துக்கு மட்டும் ஏன் இத்தனை பரபரப்பு?

தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் கடைசி வாரத்தில் தில்லியை விட்டு விலகுவது வழக்கம். தமிழ்நாட்டில் ஐப்பசி என்றால் அடைமழை. இங்கே அதே ஐப்பசியில் வானம் வெளுத்து, பகல் வெயில் இதமாகி, இரவில் மெல்லிய போர்வை தேவைப்படத் தொடங்குகிறது. பெட்டூனியா, பேன்சி, காலண்டுலா, ஃப்ளாக்ஸ், இங்குள்ளவர்கள் டாக் ஃப்ளவர் என்று அழைக்கும் ஸ்னாப்டிராகன், இவையெல்லாம் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் விதைக்கப்பட்டு, நவம்பரில் தொட்டிக்கு மாறி, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பூத்து, ஏப்ரல் வெயில் வந்ததும் கருகிப் போகின்றன. ஆகவே இந்த ஆறேழு வாரங்களைத் தவறவிட்டால் ஒரு வருடமே போய்விட்டது என்று தோட்டக்காரர்களுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

சிக்கல் என்னவென்றால், டெங்கு உச்சத்தில் இருப்பதும் இதே வாரங்களில்தான். கோடையில் தையல் ஆறாது என்ற நம்பிக்கையில் பலரும் தள்ளிப்போட்டு வந்த அறுவைச் சிகிச்சைகளும் இந்த மாதங்களுக்கே வந்து சேர்கின்றன. இன்றைய முறையில் கண்புரை அறுவையை எந்தப் பருவத்திலும் செய்துகொள்ளலாம் என்று கண் மருத்துவர்கள் சொன்னாலும், குளிர் தொடங்கட்டும் என்று காத்திருப்பவர்கள் நம் வீடுகளில் இன்னும் நிறையவே இருக்கிறார்கள். இப்படித்தான் தோட்டம் கூப்பிடும் நேரமும் உடம்பு முடியாத நேரமும் ஒன்றாகி விடுகின்றன.

ஓய்வு என்றால் படுத்தே கிடக்க வேண்டுமா?

வேண்டியதில்லை, பெரும்பாலான சமயங்களில் கூடவும் கூடாது. நாள் முழுவதும் படுத்திருந்தால் காலின் ஆழத்தில் உள்ள ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது, நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தங்குகிறது, மலச்சிக்கல் வருகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனையில் மூன்று பந்துகள் உள்ள சிறிய பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை உள்ளிழுக்கச் சொல்வது இதற்காகத்தான். அதை வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைத்துவிடாமல், மருத்துவர் சொன்ன நாள் வரை தொடர வேண்டும். இடுப்புப் பிடிப்புக்கும் இப்போது நீண்ட படுக்கையை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. இரண்டொரு நாளுக்குப் பிறகு மெல்ல நடமாடுவதே நல்லது என்கிறார்கள்.

கூடத்திலிருந்து பால்கனி வரை நடந்து, செடிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்ல நடை. போன இடத்தில் கை சும்மா இருக்காது என்பதுதான் தொல்லை.

வலியே இல்லை. பிறகு ஏன் தொட்டியைத் தூக்கக் கூடாது?

இந்தக் கேள்வியை நான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானதாகக் கருதுகிறேன். முதல் வாரத்தில் யாரும் தொட்டியைத் தூக்குவதில்லை; வலி தடுத்துவிடுகிறது. மூன்றாவது வாரத்தில் வலி போய், பசி எடுத்து, தூக்கம் வந்து, ஆள் பழையபடி ஆகிவிட்டதாக வீட்டார் அனைவருக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த வாரத்தில் தோலில் உள்ள காயத்தின் வலு பழைய வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதங்கள் கழிந்தால்கூட அது 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. வலி நிற்பதும் திசு கூடுவதும் இரு வேறு கால அளவுகளில் நடக்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டால், மருத்துவர் ஏன் நான்கு வாரம், ஆறு வாரம் என்று சொல்கிறார் என்பது புரிந்துவிடும்.

லேப்ராஸ்கோப்பி என்னும் சிறுதுளை முறையில் பித்தப்பைக்கோ ஹெர்னியா என்னும் குடலிறக்கத்துக்கோ அறுவை செய்துகொண்டவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வெளியே மூன்று நான்கு சிறு தழும்புகள்தான் தெரிகின்றன; உள்ளே நடந்த வேலை சிறியதல்ல. குனிந்து, மூச்சைப் பிடித்து, பாரத்தை உயர்த்தும் ஒரு நொடியில் வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. தையலைச் சோதிப்பது அந்த நொடிதான்.

எடையைச் சற்று கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தால், 5 லிட்டர் பூவாளியை நிரப்பினாலே அந்த வரம்பு தாண்டிவிடும். 10 லிட்டர் பக்கெட் பத்து கிலோவுக்கு மேல். நீர் ஊற்றி ஊறிய மண்ணோடு ஒரு 12 அங்குல மண் தொட்டி இருபது கிலோவைத் தொடும். அதைத் தூக்கவில்லை, காலால் நகர்த்தினேன் என்பது சமாதானம் ஆகாது, ஏனெனில் தள்ளுவதற்கும் அதே வயிற்றுத் தசைகள்தான் இறுகுகின்றன. நீர் நிரம்பிய ரப்பர் குழாயைப் படிக்கட்டு வழியாக மொட்டைமாடிக்கு இழுப்பதும் பாரம்தான். அரை லிட்டர் குவளையால் இரண்டு மூன்று செடிகளுக்கு, நிமிர்ந்து நின்றபடி ஊற்றலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் வேறொருவர் ஊற்றட்டும்.

கண்புரை அறுவை முடிந்து எத்தனை நாளில் மண்ணைத் தொடலாம்?

பொதுவாக மூன்று நான்கு வாரங்கள் விலகி இருப்பது பாதுகாப்பு. சரியான நாளை உங்கள் கண் மருத்துவரே சொல்ல வேண்டும். இங்கே கவலை கிருமியைப் பற்றியது. மண்ணும் எருவும் தொட்ட கை, அறியாமல் நெற்றிக்கும் கண்ணுக்கும் போய்விடுகிறது. தில்லியில் அக்டோபர் மண் காய்ந்து மாவாக இருப்பதால், தொட்டியைக் கிளறும்போதும், உலர்ந்த சாணி எருவைக் கொட்டும்போதும் தூசி முகத்துக்கே எழும். கறுப்புக் கண்ணாடி ஓரளவு தடுக்குமே தவிர, வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. கண் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடுவதும், போடும் முன் சோப்பால் கை கழுவுவதும் இந்த வாரங்களின் முதல் வேலை.

கண் சிவந்து, வலி கூடி, பார்வை மங்கினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே போக வேண்டும்.

முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர் எப்படி?

மணையில் உட்கார்ந்து களை எடுப்பது, குந்தி உட்கார்ந்து நாற்று நடுவது, மண்டியிடுவது, இவற்றை ஒதுக்கி வைத்துவிடுங்கள். நடைப்பயிற்சியும் உடற்பயிற்சி நிபுணர் சொல்லித்தந்த மடக்கிநீட்டும் பயிற்சியும் தொடரட்டும். ஈரமான மொசைக் தரையும், தொட்டியிலிருந்து வழிந்த சேறும் கைத்தடியோடு நடப்பவருக்கு மிகப் பெரிய ஆபத்து என்பதால், நீர் ஊற்றி முடித்து தரை காயும் வரை அவர் பால்கனிக்குப் போகாமல் இருப்பது நல்லது. செடியை இடுப்பு உயர மேசைக்கு ஏற்றிவிட்டால், உயரமான நாற்காலியில் உட்கார்ந்தே பல வேலைகளைச் செய்யலாம்.

டெங்கு குணமாகி இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் ஏன் இப்படிச் சோர்வு?

டெங்குவுக்குப் பிந்தைய சோர்வு பல வாரங்கள் நீடிப்பது வழக்கமானதுதான். காய்ச்சல் விட்டு, பிளேட்லெட் எண்ணிக்கை ஏறி, மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிய பிறகும், மாடிப்படி ஏறினால் கால் துவளும். பத்து நிமிடம் நின்றால் படுக்கத் தோன்றும். சிலருக்கு மூட்டு வலியும் மனச்சோர்வும் கூடவே வரும். இதைச் சோம்பல் என்று வீட்டார் நினைப்பதும், நோயாளியே தன்னை அப்படி நினைத்துக்கொண்டு எழுந்து வேலை செய்வதும் மீட்சியைத் தள்ளிப்போடுகின்றன.

எவ்வளவு செய்யலாம் என்பதை அளக்க ஓர் எளிய வழி, மறுநாளைப் பார்ப்பது. இன்று கால் மணி நேரம் செடிகளோடு இருந்தீர்கள். நாளை காலை வழக்கம்போல் எழ முடிந்தால் அதே அளவு தொடரலாம். எழ முடியாமல் உடம்பு கனத்தால், அடுத்த முறை அதில் பாதி. வேலை செய்துகொண்டிருக்கும்போது உண்டாகும் உற்சாகத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது. நீர், மோர், இளநீர், கஞ்சி என்று திரவம் தாராளமாக உள்ளே போக வேண்டும். பருப்பு, முட்டை, தயிர் போன்ற புரத உணவு குறையக் கூடாது.

நம்மவர்கள் நிலவேம்புக் குடிநீரை ஊரிலிருந்து வரவழைத்துக் குடிப்பதுண்டு. குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். ரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரின் கண்காணிப்புக்கும் அது மாற்று அல்ல.

வீட்டில் ஒருவர் டெங்குக் காய்ச்சலில் இருக்கும்போது தோட்டத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

தோட்ட வேலைகளில் ஒரு நாளும் தள்ளிப்போட முடியாத வேலை இது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், அதுவும் காலையிலும் மாலை மயங்கும் முன்னும் கடிக்கிறது. காய்ச்சலின் முதல் ஐந்து நாட்கள் அளவில் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருப்பதால், அவரைக் கடித்த கொசு சில நாட்களில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரப்பக்கூடும். ஆகவே பகல் தூக்கத்துக்கும் கொசுவலை வேண்டும்.

கொசு வளரும் இடங்கள் பெரும்பாலும் நாமே வைத்தவை. தொட்டிக்கு அடியிலுள்ள தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், மொட்டைமாடியில் கவிழ்க்காமல் விட்ட பழைய வாளி, அக்டோபரில் அணைத்துவிட்டு நீரை வடிக்க மறந்த கூலர், இவைதான் வழக்கமான இடங்கள். முட்டையிலிருந்து கொசுவாக வளர ஏறத்தாழ எட்டுப் பத்து நாட்கள் ஆகும் என்பதால், வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் காலி செய்தால் சுழற்சி அறுந்துவிடும். நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டைகள் ஒட்டியிருக்கும். அவை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். அதனால் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு சுவரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். தட்டுகளை இந்த இரண்டு மாதங்களுக்கு எடுத்தே விடலாம் என்பது என் கருத்து.

காய்ச்சல் இறங்கும் நாளில் நிம்மதி அடைந்துவிடாமல், கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மயக்கம், அமைதியின்மை ஆகியவை தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாக எடுக்க வேண்டாம்.

காற்று இவ்வளவு மோசமாக இருக்கும்போது பால்கனியில் உட்காரலாமா?

நேரத்தைப் பார்த்து உட்காரலாம். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வைக்கோல் எரிப்பின் புகை, வண்டிப் புகை, தீபாவளிப் பட்டாசு எல்லாம் சேர்கின்றன. காற்று அடங்கி, குளிர்ந்த அடுக்கு தரையோடு படிவதால் அவை மேலே போக வழியில்லாமல் தேங்குகின்றன. காலையில் பனி போலத் தெரிவதில் பாதி புகை. வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலெழும் பிற்பகல் நேரத்தில் பெரும்பாலும் நிலைமை சற்று தேறும். அதிகாலை நடைக்குப் பழகியவர்கள் இந்த மாதங்களில் மட்டும் மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் வெளியே உட்காருவது நல்லது. அந்த நேரத்து வெயிலும் இதமானது. சூரியன் தெற்கே சாய்வதால், தெற்கு பார்த்த பால்கனிக்குள் ஐப்பசியிலிருந்து வெயில் உள்ளே வரை நுழையும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பக்கத்து நிலையத்தின் காற்றுத் தர எண்ணைப் பார்க்கலாம். 201 முதல் 300 வரை மோசம், 301 முதல் 400 வரை மிக மோசம், 401க்கு மேல் கடுமை. இதயம், நுரையீரல் தொடர்பான சிகிச்சையிலிருந்து மீள்பவர்கள் 300ஐத் தாண்டிய நாட்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பது உசிதம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. தில்லித் தெருக்களில் வரிசையாக நட்டிருக்கும் ஏழிலைப்பாலை மரங்கள் அக்டோபரில் பூக்கும். அந்த மணம் சிலருக்கு மிகப் பிடிக்கும். ஆஸ்துமா உள்ள பலருக்கு மாலையில் தலைவலியும் இழுப்பும் அதனால் கூடுவதாகச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டு வாசலில் அந்த மரம் இருந்தால் மாலையில் ஜன்னலை மூடிவிடுங்கள்.

அறைக்குள் செடிகளை வைத்தால் காற்று சுத்தமாகுமா? இரவில் வைக்கலாமா?

இரவில் வைப்பதால் கெடுதி எதுவும் இல்லை. பக்கத்தில் தூங்கும் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் ஒரு செடி விடுவது ஒன்றுமே இல்லை. சுத்தமாகும் என்ற எதிர்பார்ப்புதான் மிகை. 1989ல் நாசாவில் நடந்த சோதனையிலிருந்து இந்த நம்பிக்கை பரவியது. அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் சில வேதி ஆவிகளைக் கொண்டு செய்த சோதனை. 2019ல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு கட்டுரை, ஜன்னல் இடுக்கு வழியாக இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவை என்று காட்டியது. தில்லியின் பிரச்சினையான நுண்துகளுக்கு ஹெப்பா (HEPA) என்னும் நுண்துகள் வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானே பயன்படும்.

அப்படியானால் நோயாளியின் அறையில் செடியால் எந்தப் பயனும் இல்லையா?

பார்வைக்கு உண்டு. ரோஜர் உல்ரிச் என்பவர் 1984ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மற்றப் பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆய்வு சிறியது, அதை வைத்துப் பெரிய வாக்குறுதி எதையும் தர முடியாது. ஆனால் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுவதற்குச் செலவில்லை. கண்ணுக்கு எட்டும் இடத்தில் மொட்டு விட்ட சாமந்தித் தொட்டி ஒன்றை வேறொருவரைக் கொண்டு நகர்த்தி வைத்தால் போதும்.

எந்த வேலை காத்திருக்கும், எது காத்திருக்காது?

பெரும்பாலானவை காத்திருக்கும். விதைக்கத் தவறிவிட்டதா? நவம்பர் முழுவதும், டிசம்பர் தொடக்கத்திலும் நர்சரிகளில் நாற்று கிடைக்கிறது. ஈரக் காகிதத்தில் சுற்றிய நாற்றுக்கட்டை வாங்கி நட்டால், அக்டோபரில் நீங்களே விதைத்ததற்கும் அதற்கும் பிப்ரவரியில் பெரிய வித்தியாசம் தெரியாது. ரோஜாவை இங்கே அக்டோபர் நடுவாக்கில் கவாத்து செய்வார்கள்; ஒரு மாதம் தள்ளிப் போனால் பூவும் ஏறக்குறைய அந்த அளவுக்குத் தள்ளி வரும், செடி செத்துவிடாது. வெந்தயக் கீரை, பாலக், முள்ளங்கி நவம்பர் கடைசி வரை விதைக்கலாம். கொத்தமல்லிக்கு அக்டோபர் தொடக்கத்து வெப்பமே ஆகாது. தாமதம் அதற்கு நல்லதும்கூட. மல்லிகையையும் கறிவேப்பிலையையும் தொட்டி மாற்ற இது பருவமே அல்ல, அதற்குப் பிப்ரவரி கடைசியோ மார்ச்சோ வரட்டும்.

காத்திருக்காதவை மூன்றுதான். தேங்கிய நீரை அகற்றுவது பற்றி மேலே சொல்லியாயிற்று. அடுத்தது, தொட்டிகளுக்கு நீர்: அக்டோபரில் பகல் வெப்பம் இன்னும் 30 டிகிரிக்கு மேல் போவதால் சிறிய மண் தொட்டிகளுக்கு நாள்தோறும் வேண்டும், நவம்பர் நடுவில் இது ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் குறையும். மூன்றாவது சாமந்தி. இங்கே குல்தாவுதி என்று விற்கும் பெரிய பூச் சாமந்தி இந்த வாரங்களில்தான் மொட்டுக் கட்டுகிறது. மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டாவிட்டால் பூவின் கனத்தில் தண்டு சாயும், ஒரு முறை நன்றாக வாடினால் மொட்டு கருகும். ஒரு வருட உழைப்பு ஒரு வாரத்தில் போவது இந்தச் செடியில்தான்.

உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா?

வயிற்றையும் கண்ணையும் பாதிக்காத நிலை வந்து, மருத்துவரும் சரி என்றால், மேசைமேல் வெந்தயம் விதைப்பதைப் போல எளிதானது இல்லை. இனிப்புக் கடை அட்டைப் பெட்டிக்கு பிளாஸ்டிக் உறை போட்டோ, ஓட்டையிட்ட பழைய ட்ரேயிலோ மூன்று அங்குல உயரத்துக்கு மண்ணை வேறொருவர் நிரப்பித் தரட்டும். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி வெந்தயத்தை எடுத்து இரவில் ஊறவைத்து, காலையில் நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண் போர்வை போட்டு, கையால் நீர் தெளித்தால், மூன்று நான்கு நாட்களில் முளை மண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். மூன்று நான்கு வாரத்தில் பருப்புக்குக் கீரை ஆகிவிடும். கொத்தமல்லி விதையைச் சப்பாத்திக் குழவியால் மெதுவாக உருட்டி இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். அது முளைக்கப் பத்து நாளாவது ஆகும் என்பதால், ஓய்வில் இருப்பவரின் பொறுமையை அது வெந்தயத்தைவிட அதிகம் சோதிக்கும். கையுறை அணியுங்கள், மண்ணை முன்கூட்டியே ஈரமாக்கிவிட்டால் தூசி எழாது.

மாலியிடமோ (தோட்டக்காரர்) வீட்டாரிடமோ ஒப்படைத்தால் செடி கெட்டுவிடுகிறதே?

கெடுவது பெரும்பாலும் அதிக நீரால். வாரம் ஒரு முறை வரும் மாலி, அடுத்த வாரம் வரை தாங்கட்டும் என்று தொட்டி நிறைய ஊற்றிவிட்டுப் போவார். அவர் பல வீடுகளைப் பார்க்க வேண்டியவர், அவரைக் குறை சொல்வதற்கில்லை. தொட்டியின் வெளிப்புறத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இருந்தால் தினமும், கோடு இல்லையென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வட்டம் போட்டிருந்தால் கேட்காமல் ஊற்றக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாதவருக்கும், பள்ளிக்குப் போகும் பேரனுக்கும், வீட்டு வேலைக்கு வருபவருக்கும் இது புரியும். மண்ணில் விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் விட்டுவிடலாம்.

செடியை விட ஆள்தான் கடினம். ‘மாமி, நீங்க உட்காருங்கோ, எங்கே வைக்கணும்னு மட்டும் சொல்லுங்கோ’ என்று மருமகள் சொல்லி நாற்காலியும் போட்டு விடுவாள். ஐந்து நிமிடத்தில் மாமியார் எழுந்து, ‘இப்படி இல்லை, கொண்டா’ என்று குர்பியை, அதாவது மண் கிளறும் சிறு கைக்கருவியை, பிடுங்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்திருப்பார். இதற்கு நல்ல தீர்வு, நடும் நாளன்று நோயாளி தூங்கும் நேரத்தில் வேலையை முடித்துவிடுவது. வரிசை கோணலாக இருக்கும், இருக்கட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு மண்ணில் நடக்கவே கூடாது. ரோஜா முள்ளோ, உடைந்த தொட்டியின் சில்லோ குத்தினாலும் தெரியாது. மூடிய செருப்பு அணிந்து, இரவில் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

கீமோதெரபியில் இருப்பவர்களும், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் மண், எரு, மட்கிய இலை ஆகியவற்றிலிருந்து முற்றிலும் விலகி இருக்க வேண்டும். மட்கும் இலையிலிருந்து எழும் பூஞ்சை வித்துகள் நுரையீரலைப் பாதிக்கக்கூடும். பூச்சாடியில் பல நாள் நின்ற நீரும் இதில் சேரும். இவர்களுக்குச் செடி கண்ணாடி ஜன்னலுக்கு அப்புறமே இருக்கட்டும்.

நவராத்திரியும் தீபாவளியும் நடுவில் வருகின்றனவே?

கொலுப் படியைப் பரணிலிருந்து இறக்குவதும், ஏணியில் ஏறி ஒட்டடை அடிப்பதும் தொட்டி தூக்குவதற்குச் சமமானவை. இந்த வருடம் மூன்று படியோடு நிறுத்திக்கொள்ளலாம். தீபாவளிக்கு வருபவர்கள் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராமல் இருப்பதே பெரிய உபசாரம். பட்டாசுப் புகை உச்சத்தில் இருக்கும் அன்றிரவும் மறுநாள் காலையும் நோயாளியின் அறை ஜன்னல்கள் மூடியே இருக்கட்டும். லேகியத்தைக் கொஞ்சம் நாக்கில் தடவிக்கொள்ளலாம், சர்க்கரை நோயாளியாக இல்லாத பட்சத்தில்.

எப்போது உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்?

காயத்தில் சிவப்பு பரவி, சீழ் வடிந்து, காய்ச்சல் வந்தால். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால். தையல் போட்ட இடத்தருகே புதிதாகப் புடைப்பு தெரிந்தால் அன்றே அழைக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் யோசிக்காமல் 112ஐ அழையுங்கள்.

டிசம்பரில் கறிவேப்பிலை மஞ்சளாகி உதிர்கிறது. நான் படுத்திருந்ததால்தானே?

இல்லை. தில்லிக் குளிரில் கறிவேப்பிலை ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் உறங்கப் போகும். நீங்கள் தினமும் பக்கத்தில் நின்றிருந்தாலும் உதிர்ந்திருக்கும். நீரைக் குறைத்து, எரு எதுவும் போடாமல், சுவரோரம் வெயில் படும் இடத்தில் விட்டுவிடுங்கள். பிப்ரவரி கடைசியில் கணுக்களில் துளிர் தெரியும்போது மேல்மண்ணைக் கிளறி எரு போடலாம். அதற்குள் மருத்துவர் உங்களுக்குக் குனிய அனுமதி கொடுத்திருப்பார்.